‘லொக்’ எல்லாம் ஒன்றா?

வணக்கம் ஐயா,
திருகோணமலை உப்புவெளியில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். ‘லொக் இன்’ என்றால் கதவைப் பூட்டுகிற ‘லொக்’ என்றே விளங்கிக்கொள்கிறார்கள். கணக்கிலும் ‘லொக்’ வருகிறது. துறைமுகத்தில் வேலை செய்யும் தகப்பன்மார் ‘லொக் புத்தகம்’ என்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகளில் பிழையில்லை. ஆங்கிலத்தில் ஈற்றொலி வேறான இரண்டு சொற்கள், தமிழில் எழுதும்போது ஒரே ‘க்’கில் முடிந்துவிடுகின்றன. பூட்டு தனிச்சொல், அதை விடுங்கள். கணக்கு லொக்கும் வேறு. லோகோஸ், அரித்மோஸ் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கணித அறிஞர் ஜோன் நேப்பியர் ஆக்கி, 1614இல் வெளியிட்ட ‘லொகரிதம்’ என்ற பெயரின் குறுக்கம் அது. நமக்கு அது மடக்கை.

மற்றதெல்லாம் மரக்குற்றியில் பிறந்தவை. ‘லொக்’ என்றால் முதலில் மரக்குற்றிதான். பாய்க்கப்பலின் வேகத்தை அளக்க, கால்வட்டமாக அறுத்த ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்தால் கடலில் விடுவார்கள். அந்தப் பலகைக்கும் ‘லொக்’ என்றே பெயர். வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் பலகை நிமிர்ந்து நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கப்பல் போகப்போகக் கயிறு உருளையிலிருந்து கழலும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. மணற்கடிகை 28 செக்கன். கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ, மணித்தியாலத்துக்கு அத்தனை கடல் மைல். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் ‘நொட்’. அதற்குள்ளேயே மணித்தியாலம் அடங்கிவிட்டது. ‘மணிக்கு 10 நொட்’ என்று எழுதாதீர்கள்.

இதில் பிழைகளும் வரும். கயிறு நாட்பட இழுபட்டால் முடிச்சுகளின் இடைவெளி கூடி, வேகம் குறைவாகத் தெரியும். கரை இன்னும் தூரம் என்று நம்பி ஓடுகிற கப்பல் பாறையில் ஏறிவிடும். அதனால் அடிக்கடி கயிற்றை அளந்து பார்க்கவேண்டும். மணலில் ஈரம் பிடித்தால் எதிர்மாறு: கடிகை மெதுவாகத் தீர்ந்து, வேகம் கூடித் தெரியும்.

அளந்த வேகத்தைக் குறித்த புத்தகம் லொக் புத்தகமானது. பிறகு காற்று, திசை, கப்பலில் நடந்தது எல்லாம் அதிலேயே ஏறின. கணினி அந்தப் பதிவேட்டுப் பொருளையே எடுத்துக்கொண்டது: யார், எப்போது வந்தார் என்று பதிவது. ஆகவே ‘உள்நுழைவு’ என்பதைவிடப் ‘புகுபதிகை’ என்று சொல்லிக்கொடுங்கள். புகுவதும் பதிவதும் இரண்டும் அதில் இருக்கின்றன. ‘வெப்லொக்’ என்பதன் வாலிலிருந்து வந்த ‘பிளொக்’கும் இதே குடும்பம்.

பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட 30 மீற்றர் கயிறு போதும். 7 மீற்றர் 20 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நேரத்தை 14 செக்கனாக்குங்கள். ஒரு பிள்ளை நுனியைப் பிடித்து அசையாமல் நிற்கட்டும், அதுதான் பலகை. மற்றப் பிள்ளை கயிற்றுச் சுருளோடு சாதாரணமாக நடக்கட்டும், அதுதான் கப்பல். இரண்டு முடிச்சுத் தாண்டி மூன்றாவதை எட்டுமுன் நேரம் முடிந்துவிடும்.