பிள்ளைக்கு என்ன புத்தகம்? வாசகர் கேள்வி - பதில்

சின்னப் பிள்ளைகளுக்கான விஞ்ஞான, வரலாற்றுப் புத்தகங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகன் தரம் 5. கண்டியில் வாங்கிய விஞ்ஞானப் படப் புத்தகம் தமிழ்நாட்டில் அச்சானது. அதில் ‘ஒளிச்சேர்க்கை’, ‘ஆக்சிஜன்’ என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறு சொல். பிள்ளை குழம்புகிறான். இந்தியப் புத்தகம் வாங்காமல் விடுவதா?
– ஒரு தாய், ஹட்டன்

வாங்குங்கள். சொல்தான் வேறு, சங்கதி ஒன்று. அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. ஆக்சிஜன் நமக்கு ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு, செல் கலம், பாக்டீரியா பற்றீரியா, நுண்ணோக்கி நுணுக்குக்காட்டி. பின்னட்டையின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, இரண்டு நிரலாக இந்தச் சொற்களை மகனையே எழுதச் சொல்லுங்கள். ஒரு சிறுவர் புத்தகத்தில் இருபது சொல் தேறினாலே அதிகம். அச்சில் உள்ள சொல்லை வெட்டி மேலே எழுதாதீர்கள். வெட்டினால் அது பிழையான சொல் என்று பிள்ளைக்குப் பதிந்துவிடும். பரீட்சைக்குப் பள்ளிச் சொல், வாசிக்க இரண்டும்.

உண்மையில் இதைவிடக் கூடுதலாகக் குழப்புவது விலங்குப் பெயர்கள். ‘உலகிலேயே வேகமாக ஓடுவது சிறுத்தை’ என்று பல புத்தகங்களில் இருக்கும். அது ஆபிரிக்காவின் சிவிங்கிப்புலி. ராத்திரியில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பக்கம் வந்து நாயைத் தூக்கிப்போகும் நம் சிறுத்தை வேறு. படத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கி, உடம்பில் தனித்தனிக் கறுப்புப் பொட்டு இருந்தால் சிவிங்கி. நம்முடையதற்கு அந்தக் கோடு கிடையாது, பொட்டுகள் பூப்போல வளையம் வளையமாகச் சேர்ந்திருக்கும். தோட்டத்தில் இதையே ‘புலி’ என்றும் சொல்கிறோம். வரிப்புலி இலங்கைக் காடுகளில் இல்லை என்பதையும் அந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

புத்தகத்தில் உள்ள சோதனைகள் வீட்டில் சரிவருவதில்லை. மூன்று நாளில் முளைக்க வேண்டிய பயறு ஆறு நாளாகியும் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்கிறது புத்தகம், எங்கள் வீட்டில் 94க்கு மேல் ஏறவில்லை. புத்தகம் பிழையா, வெப்பமானி பிழையா?
– ஒரு தகப்பனார், நுவரெலியா

இரண்டும் சரி. புத்தகம் கடல் மட்டத்தில் நின்று பேசுகிறது, நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கிறீர்கள். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். உங்கள் ஊருக்கு ஆறு பாகை கழித்தால் 94. மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது, அதனால் நீராவிக் குமிழி குறைந்த சூட்டிலேயே கிளம்பிவிடுகிறது. உங்கள் வீட்டில் பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான். கொழும்பில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களையும் அளக்கச் சொல்லி, இரண்டு எண்ணையும் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: இதற்கு 110 பாகை வரை காட்டும் ஆய்வுகூட வெப்பமானிதான் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 42 வரைக்கும்தான். கொதிநீரில் விட்டால் உடைந்து பாதரசம் சிந்தும். ஆய்வுகூட வெப்பமானியின் நுனியும் பாத்திரத்தின் அடியில் தொடக்கூடாது, தொட்டால் தண்ணீரின் சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பயறு விடயம் குளிர். பாசிப்பயறு சூட்டு நிலத்துப் பயிர். வெதுவெதுப்பான தண்ணீரில் எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஈரப் பஞ்சில் பத்து விதை போடுங்கள். ஐந்தை அடுப்படியில் சூடு படும் இடத்திலும் ஐந்தை ஜன்னலோரத்திலும் வைத்தால், முளைக்கச் சூடும் வேண்டும் என்பது பிள்ளைக்குத் தானே தெரியும். பஞ்சைத் தூக்கினால் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் விதைக்குக் காற்றுப் போகாமல் அழுகி நாறும். குளிர்காலத்தில் பயறுக்குப் பதில் முள்ளங்கி விதை போட்டால் வேலை சுலபம்.

ஒரு சோதனையில் மட்டும் பல புத்தகங்கள் உண்மையாகவே பிழை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுதிரி கொளுத்தி, கிளாஸைக் கவிழ்ப்பார்களே, அதுதான். திரி அணையத் தண்ணீர் உள்ளே ஏறும். ‘காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், அது எரிந்து முடிந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது’ என்று எழுதியிருக்கும். கவனித்துப் பாருங்கள்: திரி எரியும்போது தண்ணீர் பெரிதாக ஏறாது, அணைந்த பிறகுதான் விசுக்கென்று ஏறும். கிளாஸுக்குள் இருந்த சூடான காற்று ஆறிச் சுருங்குவதே முக்கிய காரணம். சோதித்துப் பார்ப்பதும் சுலபம். அதே கிளாஸுக்குள் ஒரு திரிக்குப் பதில் மூன்று திரி வையுங்கள். ஒட்சிசன்தான் காரணமென்றால் தண்ணீர் அதே அளவுதான் ஏற வேண்டும். ஆனால் கூட ஏறும். புத்தகத்தில் இருப்பதையும் சோதிக்கலாம் என்று ஏழு வயதில் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

நான்கு வயதுக்கு வாங்கும்போது கடையில் எதைப் பார்ப்பது?
– பலர்

பக்கத்துக்கு ஒரு படம், ஒன்றிரண்டு வசனம். எறும்பும் யானையும் ஒரே அளவில் வரைந்திருந்தால் பக்கத்தில் அளவு காட்ட ஒரு கையோ ஆளோ இருக்க வேண்டும். பருவகாலம் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். பனி, இலையுதிர்வு என்று நான்கு பருவம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்கள்தான் முடித்துக் கொடுக்க வேண்டும். நம் பருவம் மழையும் காற்றும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் வட்டவளைப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, மலைக்கு அந்தப் பக்கம் பதுளையில் கச்சான் காற்று வறட்டி எடுக்கும்.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘முன்னொரு காலம்’ எல்லாம் ஒன்றுதான். “டைனோசரை அம்மாச்சி பார்த்தாங்களா?” என்று கேட்கிறார்கள். வரலாற்றுப் புத்தகம் வாசிக்கும்போது காலத்தை எப்படிப் புரியவைப்பது?
– ஓர் ஆசிரியை, பண்டாரவளை

ஆண்டு எண்களை எழுதிக் காட்டிப் பயனில்லை. ஒரு கயிறு எடுங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர். நைலோன் கயிறே நல்லது, கம்பளி நூல் இழுத்தால் நீளும், அளவு கெட்டுப்போகும். பிள்ளையின் கண் மட்டத்தில் கட்டி, வலது நுனியை ‘இன்றைக்கு’ என்று வையுங்கள். அதிலிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிள்ளையின் வயது 5 சென்ரிமீற்றர், அவளுடைய கைவிரல் நீளம். 65 வயது அம்மாச்சிக்கு 65 சென்ரிமீற்றர். நாடு சுதந்திரமடைந்த 1948 முக்கால் மீற்றரைச் சற்றுத் தாண்டி வரும். பதுளைக்கு ரயில் வந்த 1924 ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேல். தேயிலை வர்த்தகப் பயிரான 1867 ஒரு பெரிய ஆளின் உயரத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் உடுப்புக் கிளிப்பால் ஒரு படத்தை மாட்டுங்கள். ஏழு படத்துக்கு மேல் வேண்டாம், நெருக்கினால் தூரம் தெரியாது.

மீதிக் கயிறு உருண்டையாக இருக்கட்டும். அநுராதபுர மன்னன் தேவநம்பிய தீசன் காலம் வரும்போது உருண்டையை வாசலுக்கு எடுத்துப்போய் அவிழ்க்க வேண்டும், 22 மீற்றருக்கு மேல் ஓடும். பிள்ளைகள் கயிற்றின் கூடவே நடக்கட்டும். அதன் பிறகுதான் டைனோசர். அவை அழிந்து 6 கோடி 60 லட்சம் ஆண்டு. இதே அளவில் கயிறு 660 கிலோமீற்றர் வேண்டும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளமே ஏறத்தாழ 435தான். கயிறு கடலுக்குள் போய்விடும் என்று சொன்னால், அம்மாச்சி பார்த்திருக்க முடியாது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தேயிலை பற்றிய சிறுவர் புத்தகங்கள் எல்லாம் துரையோடு ஆரம்பித்துத் துரையோடு முடிகின்றன. கொழுந்து எடுத்தவர்கள் படத்தில் மட்டும்தான். வாசிகசாலைக்காக நாங்களே ஒரு சின்னப் புத்தகம் செய்ய நினைக்கிறோம். ஆலோசனை தேவை.
– தோட்ட இளைஞர் குழு, மஸ்கெலியா

செய்யுங்கள், உண்மையிலேயே குறை அது. ஆனால் எதிர்ப்பக்கப் பிழையில் விழவேண்டாம். ‘நம் முன்னோர் தேயிலைக்காக வந்தார்கள்’ என்று தொடங்காதீர்கள். முதலில் வந்தது கோப்பிக்காக. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு தோட்டங்கள் அழிந்த பிறகே தேயிலை எங்கும் பரவியது. ஜேம்ஸ் டெய்லர்தான் முதன்முதலில் தேயிலையைக் கொண்டுவந்தார் என்பதும் சரியல்ல. 1824 இலேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவில் சீனத்துச் செடி இருந்தது. அவர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதை வர்த்தகப் பயிராக்கினார்.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்ததை மறைக்க வேண்டாம். ஆறு வயதுக்கு ஒரு வசனம் போதும்: ‘நடந்து வந்தார்கள், பலர் வழியிலேயே நோய்கண்டு இறந்தார்கள்.’ பிணங்களைப் படமாகப் போடாதீர்கள். 1948 இல் பிரஜாவுரிமை பறிபோனதையும், அது இல்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில் கிடைத்ததையும் பத்து வயதுக்கான அடுத்த புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக்கு ஒரு பொருள்: கூடை, தராசு, பிள்ளைக் காம்பரா (வேலைநேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்), பெரட்டுக்களம் (காலையில் வேலைக்குக் கூடும் இடம்). ஒரு பக்கத்தில் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தையும் அதிலிருந்து வரும் ஏறத்தாழ ஒரு கிலோ தூளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ‘மீதி எங்கே போனது?’ என்று மட்டும் எழுதுங்கள். விடை (தண்ணீராய் ஆவியாகிப் போனது) அடுத்த பக்கத்தில்.

நான்கு ஏ4 தாளை நடுவே மடித்தால் 16 பக்கம். ஒரு தாளின் ஒரு முகத்தில் வரும் இரண்டு பக்க எண்ணையும் கூட்டினால் 17 வர வேண்டும்: முதல் தாளில் 16-1, அதன் பின்புறம் 2-15, அடுத்ததில் 14-3, 4-13, இப்படியே கடைசித் தாளின் 8-9 வரை. போட்டோகொப்பிக் கடையில் இரண்டு பக்கமும் அடிக்கும்போது ‘குறுகிய ஓரத்தில் திருப்பு’ என்று சொல்லுங்கள். நீண்ட ஓரத்தில் திருப்பினால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும், நூறு பிரதி வீண். முதலில் ஒரு பிரதி மடித்துப் பார்த்த பிறகே மீதியை அடியுங்கள்.

அட்டைக்கு பிரிஸ்டல் போர்ட். ஸ்டேப்ளர் ஊசி நம் ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துத் தாளை அரிக்கும், ஆகவே நூலால் தையுங்கள். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, இரு நுனியிலிருந்தும் 4 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொன்று. ஊசி உட்பக்கமிருந்து நடுத்துளையால் வெளியே போகட்டும். மேல்துளையால் உள்ளே வந்து, நேரே கீழ்த்துளைக்கு ஓடி வெளியே போய், மறுபடி நடுத்துளையால் உள்ளே வர வேண்டும். உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் இரு நுனியும் வரும்படி வைத்து முடிச்சுப் போட்டால் கழறாது.

நன்கொடையாக வந்த பழைய கலைக்களஞ்சியங்களை வைத்துக்கொள்வதா?
– தலவாக்கலை

கோள்கள் ஒன்பது என்றிருந்தால் 2006க்கு முன் அச்சானது. புளூட்டோ அந்த ஆண்டில் குறுங்கோள் வகைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டினால் போதும். நாக்கில் இனிப்புக்கு ஓரிடம், கசப்புக்கு ஓரிடம் என்று வரைபடம் இருந்தால் அதை மூடியே ஒட்டிவிடுங்கள், நாக்கு முழுவதும் எல்லாச் சுவையும் தெரியும். உடலுறுப்பு, பூச்சி, பறவைப் பக்கங்கள் இன்றைக்கும் நல்லவை.

புத்தகங்கள் பூஞ்சணம் பிடித்துப்போகின்றன. வெயிலில் காயவைத்தால் அட்டை வளைகிறது.
– வாசிகசாலைப் பொறுப்பாளர், ராகலை

அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மழைநாளில் குளிர்ந்து ஈரம் கோர்ப்பது அந்தச் சுவர்தான். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது எல்லாரும் செய்யும் பிழை, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் செழிக்கும். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல், ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக வையுங்கள். பூத்திருப்பதை முகக்கவசம் போட்டு, வெளியே கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி பட்டால் தாளுக்குள் இறங்கும். காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில், புத்தகத்தை நிமிர்த்தி விசிறிபோல் விரித்து வைத்து.

வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகம் நனைந்தால் மட்டும் அவசரப்பட வேண்டும். காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று பசைபோட்டது போல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, இடையிடையே எண்ணெய்க் கடதாசி வையுங்கள். பூச்சி உருண்டை போட வேண்டாம். மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து.