மாமாவா சார் இஎம்ஐ கட்டப்போறார்?

வணக்கம் சார், உங்க மெயில படிச்சேன். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுட்டா, நல்ல மார்க், பெரியப்பாவும் மாமாவும் கடன் வாங்கியாவது பெரிய பேரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க, அவளோ ஆடறவங்க இஷ்டத்துக்கு கராத்தே அடிய மாத்தி மாத்தி கோத்துக்கிற மாதிரி ஒரு சண்டை வீடியோ கேம் டிசைன் பண்ணணும்னு நிக்கறா, உங்களுக்கு ராத்திரி தூக்கமே வரல. எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அந்தப் பெரிய பேரு காலேஜ் சீட்டுக்காக கடன் வாங்காதீங்க. பிடிக்கலைன்னு அவ வாய்விட்டே சொல்லிட்டதா நீங்களே எழுதியிருக்கீங்க. நாலு வருஷம் அங்க உக்காரப்போறது அவ, அதுக்கப்புறம் கடன் அடைக்கப்போறது நீங்க, மாமா இதுல எங்க சார் வர்றார்?

"இதையெல்லாம் எழுதிட்டு உக்காந்திருக்கா"ன்னு குறை சொல்லி ஒரு நோட்டு போட்டோ அனுப்பிருந்தீங்க இல்லையா, நான் ரொம்ப நேரம் பாத்தது அதத்தான். ஒவ்வொரு உதைக்கும் மூணு கட்டம் போட்டிருக்கா: அடி கிளம்ப எத்தன ஃப்ரேம், மேல படுறது எத்தன ஃப்ரேம், திரும்ப நிதானத்துக்கு வர எத்தன ஃப்ரேம். ஃப்ரேம்னா திரையில மாறி மாறி வர்ற ஒவ்வொரு படம், ஃபைட்டிங் கேம்ல பொதுவா ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம். 10 ஃப்ரேம்ல கிளம்புற குத்து சுமார் 0.17 செகண்ட், நம்ம கண்ணு பாத்து கை அசையவே 0.2லேர்ந்து 0.25 ஆயிடும், அதனால அத பாத்து தடுக்க முடியாது, முன்கூட்டியே ஊகிச்சாதான் உண்டு. 25 ஃப்ரேம் உதைன்னா 0.42 செகண்ட், அது பக்கத்துல "பாத்து ப்ளாக் பண்ணலாம்"னு எழுதியிருக்கா. யாரும் சொல்லித்தராம இந்த இடத்துக்கு வந்திருக்கான்னா சாதாரண விஷயம் இல்ல.

இதுக்குன்னே ஒரு வேலை இருக்கு, காம்பேட் டிசைனர்னு பேரு, உங்க சொந்தக்காரங்க யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. இதுல கஷ்டமான பகுதியே ஆடறவங்கள மூவ், அதாவது எந்த அடி எந்த உதைன்னு, தேர்ந்தெடுக்க விடறதுதான். விட்டா எல்லாரும் வேகமான உதை ஒண்ணையே எடுத்து திரும்பத் திரும்ப அடிப்பாங்க, கேம் அங்கேயே செத்துடும். 2017ல வந்த அப்சால்வர்ங்கிற சண்டை கேம் இதுக்கு ஒரு நல்ல வழி வெச்சிருந்தது: நாலு ஸ்டான்ஸ் (சண்டைக்கு நிக்கற நிலை), ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்டான்ஸ்ல ஆரம்பிச்சு ஏதோ ஒரு ஸ்டான்ஸ்ல போய் முடியும், அடுத்த அடிய அங்கேர்ந்துதான் எடுக்கணும். கணக்கு போட்டுப் பாருங்க, 12 மூவ்ல எத வேணா கோக்கலாம்னா மூணு அடிய அடுத்தடுத்து கோக்குற காம்போ 1728 வரும், ஸ்டான்ஸுக்கு மூணு மூவ்தான்னு கட்டுப்பாடு போட்டா 108தான். 108ஐ ஒரு ஆளு உக்காந்து டெஸ்ட் பண்ணிடலாம், 1728ஐ பண்ண முடியாது. ஆனா ஆடறவங்களுக்கு இது என் சொந்த ஸ்டைல்ங்கிற நெனப்பு அப்படியே இருக்கும்.

அவகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, அவ போட்டு வெச்சிருக்கற 80 மூவ் லிஸ்ட்ட தூக்கி ஓரமா வெக்கச் சொல்லுங்க. 12 போதும். கதை வேணாம், ஊரு மலை காடு எதுவும் வேணாம், ரெண்டு பொம்மை, ஒரு தரை, அவ்ளோதான். கேம் உருவாக்குற கோடோ, பொம்மையும் அனிமேஷனும் செய்யற ப்ளெண்டர், ரெண்டு சாஃப்ட்வேருமே இலவசம். அடி படுற கணத்துல ரெண்டு பேரையும் சில ஃப்ரேம் அப்படியே உறைய வெக்கணும், அது இல்லாட்டி எவ்ளோ நல்ல அனிமேஷனும் காத்துல கை வீசுற மாதிரிதான் இருக்கும். அப்புறம் ரெண்டு பேர விளையாட விட்டு, வாயே தொறக்காம பின்னாடி நின்னு, யாரு எந்த மூவ எத்தன தடவ எடுக்கறாங்கன்னு குறிக்கணும் (வாய மூடிட்டு நிக்கறதுதான் கஷ்டம், எல்லாரும் நடுவுல போய் விளக்க ஆரம்பிச்சுடுவாங்க). ஒரே மூவ எல்லாரும் எடுத்தா அதோட டேமேஜ, அதாவது அடியோட பலத்த, குறைக்கக் கூடாது, அது சோம்பேறி வழி, திரும்ப நிதானத்துக்கு வர்ற நேரத்த நாலு ஃப்ரேம் கூட்டிப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப அவளுக்குக் கொஞ்சம் கசப்பா இருக்கப்போற விஷயம். கேம் டிசைன் டிகிரின்னு பளபளன்னு விளம்பரம் போட்டு பெரிய ஃபீஸ் கேக்குற இடத்துக்கும் கடன் வாங்காதீங்க. இந்த வேலைக்கு ஆள் எடுக்கறவங்க மொதல்ல பாக்கறது விளையாடிப் பாக்கக்கூடிய ஒரு சின்ன ப்ரோட்டோடைப்பும் (மாதிரி கேம்) ரெண்டு நிமிஷ வீடியோவும்தான். 2023லயும் 2024லயும் பெரிய பெரிய ஸ்டூடியோல இருந்தே ஆயிரக்கணக்கானவங்கள வீட்டுக்கு அனுப்புனாங்க, அத மறைச்சுட்டு உங்ககிட்ட பேச முடியாது. எடுத்தவுடனே காம்பேட் டிசைனர் போஸ்ட் கிடைக்கறதும் அபூர்வம், டெஸ்டிங்லயோ, கேம்ப்ளே ஸ்க்ரிப்டிங்லயோ (கேம்ல எது எப்படி நடக்கணும்னு சின்ன சின்ன கோடா எழுதறது) நுழைஞ்சு அங்கேர்ந்துதான் நகரணும். அதனால கம்மி ஃபீஸ்ல கணக்கோ புள்ளியியலோ ஒரு டிகிரி, அவளுக்கு கணக்குன்னா பிடிக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கூடவே சாயங்காலத்துல இந்த 12 மூவ் கேம் வேலை. ஒரு வருஷத்துல 12 மூவ் ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுடும், நடுவுல அவளுக்கே அலுத்துப்போனாலும் டிகிரி கையில இருக்கும், உங்க தலையில கடன் இருக்காது.

வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டச் சொல்லி காலேஜ்லேர்ந்து போன் வந்துதுன்னு எழுதியிருந்தீங்க. கட்டாதீங்க சார்.