ஜூலை 26 அன்று பெய்த பெருமழைகளில் முக்கியமானவை எவை? ஒரே மழைக்கு இரண்டு தேதிகள் ஏன் சொல்கிறார்கள்?

முதலில் வருவது மும்பை, 2005. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944.2 மி.மீ. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 944 லிட்டர், கிட்டத்தட்ட 63 குடம் தண்ணீர். 20 கி.மீ.க்குச் சற்று அப்பால், அதே நகரத்தின் கொலாபாவில் பதிவானது வெறும் 73.4 மி.மீ. "மும்பையில் 944" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது அதனால்தான் தப்பு.

பெரும்பகுதி பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு கொட்டியது. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டியவை. அன்று மாலை நெருங்கும் வேளையில் ஓதம் (கடல் ஏற்றம்) 4.48 மீட்டர். கழிமுகம் அடைபட்டதும் மித்தி ஆறு ஊருக்குள் திரும்பிவிட்டது.

தேதிக் குழப்பத்துக்கு வருவோம். இந்திய வானிலைத் துறை காலை 8.30க்கு மழைமானியை அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் கணக்கில் எழுதும். 26ஆம் தேதி மழை ஏட்டில் 27 ஆவது இப்படித்தான்.

அமெரிக்காவின் டெக்சாஸில் ஆல்வின் என்ற ஊரில் 1979 ஜூலை 25-26இல், கிளாடெட் புயலால், 24 மணி நேரத்தில் சுமார் 1,090 மி.மீ. பெய்தது. 2018 ஏப்ரலில் ஹவாயின் கவாய் தீவு அதை முந்தியது.

மும்பையின் அளவு இந்தியச் சாதனை அல்ல. சிரபுஞ்சியில் 1995 ஜூன் 16 அன்று 1,563 மி.மீ.