அசல் இருக்கும்போது, பழைய பங்க் பாணியில் பிறகு வந்த குழுக்களின் இசைத்தட்டை ஏன் வாங்க வேண்டும்?

கேட்டவர் விபரமாகவே கேட்டிருக்கிறார். 80களின் இங்கிலாந்து, சுவீடன் ஹார்ட்கோர் பங்க்கை, அதாவது வேகமும் இரைச்சலும் கூடிய பங்க் ராக்கை, அப்படியே பிடித்து வாசிக்கிற ஜப்பான் குழுக்கள் இருக்கின்றன. அது நகல்தானே, அசலைக் கேட்டால் போதாதா, அதிலும் இந்தக் காலத்தில் வினைல் இசைத்தட்டு எதற்கு என்று. என்னிடம் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. டிஸ்க்ளோஸ் என்ற குழுவுடைய ஏழு அங்குலத் தட்டு. மட்டக்களப்பில், கல்லடியில், எங்கள் வீட்டு முன் அறையில் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இந்தப் பாணி எப்படி ஊர் ஊராகப் போனது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் என்று ஒரு ஊர். பீங்கான் கோப்பையும் மட்பாண்டமும் செய்து பேரெடுத்த ஊர். அங்கே 1977இல் டிஸ்சார்ஜ் என்ற குழு தொடங்கியது. 1980இல் அவர்களுடைய முதல் ஏழு அங்குலத் தட்டை வெளியிட்ட கம்பனியும் அதே ஊர்தான். பெயர் கிளே, அதாவது களிமண். 1982இல் முதல் முழுநீளத் தட்டு. அந்தச் சில வருடங்களுக்குள் அவர்களின் ட்ரம்ஸில் ஓர் அடி நிலைத்துவிட்டது: டும்-டக்-டுடும்-டக், டும்-டக்-டுடும்-டக். பாட்டு முடியும் வரைக்கும் அது ஓயாது. பிற்காலத்தில் அதற்கு டி-பீட் என்றே பெயர் வைத்தார்கள். அந்த 'டி' டிஸ்சார்ஜின் முதலெழுத்து. வரிகள் மிகக் குறைவு, எல்லாம் அணுகுண்டும் யுத்தமும். 1979 டிசம்பரில்தான் நேட்டோ, அமெரிக்காவின் புதிய அணு ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவில் நிறுத்துவதாக முடிவெடுத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஏவுகணை வரப்போகிறது என்று தெரிந்த இளைஞர்களின் பாட்டு அது.

அந்த அடி கடலைத் தாண்டி சுவீடனுக்குப் போனது. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் மொப் 47 என்ற குழு அதை இன்னும் வேகமாக்கி, சுவீடிஷ் மொழியிலேயே பாடி, 1984இல் ஒரு ஏழு அங்குலத் தட்டுப் போட்டது. அந்தத் தட்டின் பெயருக்கு 'அணு ஆயுதத் தாக்குதல்' என்று பொருள். சுவீடன்காரர் இந்த இசையை 'பச்சைப் பங்க்' என்ற பொருள் வரும்படி றோபங்க் என்பார்கள். வேகாத, பதப்படுத்தாத பச்சை.

1991இல் டிஸ்க்ளோஸ் தொடங்கியது. ஊர் கோச்சி, கேரளத்துக் கொச்சி என்று நினைக்க வேண்டாம், ஜப்பானின் சிக்கோக்குத் தீவில் தெற்குப் பார்த்தபடி இருக்கும் கடற்கரைப் பட்டினம். டோக்கியோவும் இல்லை, ஒசாகாவும் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. கொழும்பில் நடப்பதெல்லாம் எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும் என்று நினைத்து வளர்ந்த ஆள் நான். பாடி, கிட்டார் வாசித்தவர் கவகாமி. எங்கள் இசை டிஸ்சார்ஜில் இருந்தும் சுவீடன் குழுக்களில் இருந்தும் வந்தது என்பதை அவர் ஒளிக்கவே இல்லை. குழுவின் பெயரில் உள்ள 'டிஸ்' கூட அதற்காகத்தான். 2007இல் அவர் இறந்துபோனார்.

சரி, என்னுடைய தட்டுக்கு வருகிறேன். ஒஸ்லோவில் இருக்கும் என் மச்சான் ஒருமுறை சுவீடன் போனபோது பழைய தட்டு விற்கும் கடையில் வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தான். எங்கள் வீட்டில் றெக்கோட் பிளேயர் இருப்பது அவனுக்குத் தெரியும். அப்பா 70களில் ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். கலியாண வீடு, கோயில் திருவிழா, சாமத்திய வீடு என்று மரத்தில் புனல் கட்டித் தட்டுப் போட்டவர். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கூரை போய், சேர்த்து வைத்த தட்டுகள் எல்லாம் போய்விட்டன. பிளேயர் அன்று ஒரு கொங்கிரீட் வீட்டில் கலியாணத்துக்குப் போயிருந்தபடியால் மிஞ்சியது. அப்பா அதற்குப் பிறகு தட்டு வாங்கவே இல்லை.

ஆகவே வீட்டுக்குள் பல வருடத்துக்குப் பிறகு வந்த முதல் புதுத் தட்டு இதுதான். நடு ஓட்டை பெரிது. பிளேயரின் நடுக் கம்பியோ சின்னது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய், ஆணி, திருகாணி போட்டு வைக்கும் பால்மா டின்னைக் கொட்டிக் கிளறி, மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை எடுத்து வந்து ஓட்டையில் அழுத்தினார். கச்சிதமாக இருந்தது.

ஆனால் நான் ஒரு பிழை விட்டேன். பழைய அம்ப்ளிபையர் எரிந்துபோய்க் கிடந்ததால், பிளேயரின் வயரை நேரே கணினி ஸ்பீக்கரில் செருகினேன். நுளம்புச் சத்தம் மாதிரி வந்தது. மெல்லிய கீச்சு, அடியில் ஒன்றும் இல்லை. 'பச்சை' என்று சொல்வது இதைத்தான் போலும் என்று ஒரு கிழமை அப்படியே கேட்டேன். பிடிக்கவும் இல்லை. உங்கள் கேள்வியைத்தான் அப்போது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்: நகல், அதுவும் மோசமான நகல், எதற்கு?

அப்பாதான் பிழையைக் கண்டுபிடித்தார். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும்; தட்டில் அரைவாசிப் பாட்டுக்குக்கூட இடம் இருக்காது. கேட்கும் பக்கத்தில் அதைத் திருப்பி நேராக்க வேண்டும். 1950களின் நடுவில் இருந்து ஆர்ஐஏஏ என்ற ஒரே கணக்கைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அந்த வேலையை போனோ ப்ரீஅம்ப் செய்யும். பிளேயரின் ஊசியில் இருந்து வருகிற மிகச் சிறிய சமிக்ஞையைப் பெருக்குவதும் அதுதான். நான் அதை வைக்கவே இல்லை. ஒரு சின்னப் பெட்டி எடுப்பித்துச் செருகியதும், மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பு நடுங்கியது. அந்த டும்-டக்-டுடும்-டக் நெஞ்சுக்கு வந்தது. கிட்டார் தனியாகப் பிரிந்து கேட்கவில்லை. மழை தகரத்தில் அடிக்கிற மாதிரி ஒரே பரப்பாக, அதற்குள் இருந்து குரல். பழைய தட்டு கேட்கத் தொடங்கும் எவரும் இதை மட்டும் முதலில் சரிபாருங்கள்.

அந்த நேரம் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் இருந்து பெரியப்பா வந்திருந்தார். கன்னன்குடாப் பக்கம். இளவயதில் இருந்து கூத்துக்கு மத்தளம் அடித்தவர். இப்போது கை நடுங்கும். வாசல் கதிரையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமாக இருக்கிறதே, நிற்பாட்டட்டுமா என்று கேட்டேன். கையைக் காட்டி, விடு என்றார். பாட்டு முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"இவன் யாரிட்டப் பழகின ஆள்?"

"இங்கிலாந்தில ஒரு ஊர், பெரியப்பா. அங்கத்தே ஆக்கள்ட அடி இது. இவங்க ஜப்பான்."

"நேர போய்ப் பழகினவனா?"

"இல்ல. தட்டுக் கேட்டுத்தான்."

கொஞ்சம் யோசித்தார். "கேட்டே பழகினவனெண்டா பெரிய கெட்டிக்காரன். மறுகாப் போடு மனே."

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த இடத்தில்தான் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு மத்தளக்காரனைப் பார்த்து 'நீ அடிப்பது புதிதா' என்று யாரும் கேட்பதில்லை. யாரிடம் பழகின கை என்றுதான் கேட்பார்கள். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மோடிகள், அதாவது பாணிகள், இருக்கின்றன. வடமோடியில் பாரதமும் இராமாயணமும், அதிலும் போர், துள்ளலும் வேகமும். தென்மோடியில் இழுத்துப் பாடுகிற பாட்டு, காதல் கதைகள், நுணுக்கமான ஆட்டம். ஒரே மோடிக்குள்ளும் ஊருக்கு ஊர், கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு அண்ணாவியார் வித்தியாசம். ஒரு பெடியன் கூத்தாடும் களரியில் தன் அண்ணாவியாரின் தாளக்கட்டை அச்சொட்டாக ஆடினால், நகல் என்று எவரும் ஒதுக்குவதில்லை. அந்தக் கை செத்துப்போகவில்லை என்று சந்தோஷப்படுவார்கள். இரவு முழுக்க ஆடி விடியும்போது அவனுடைய கால் எங்கோ ஓரிடத்தில் தானாக வேறு மாதிரி வைக்கும். அது அவனுடையது.

டி-பீட்டை நான் ஒரு மோடியாகத்தான் கேட்கிறேன். ஸ்டோக்கின் அடி சுவீடனில் வேகமானது. கோச்சியில் அந்தக் கிட்டாருக்கு மேல் இரைச்சல் ஏறியது. ஜப்பானில் 80களிலேயே ஃபுகுஓகாவின் கன்ஃபியூஸ் போன்ற குழுக்கள் கிட்டார் இரைச்சலையே இசையாக்கி வைத்திருந்தன; அந்தக் காற்றும் இதில் வீசுகிறது. டிஸ்சார்ஜின் 1982ஆம் ஆண்டுத் தட்டைப் போட்டுவிட்டு உடனே டிஸ்க்ளோஸைப் போட்டால் எலும்பு ஒன்று, தோல் வேறு என்று யாருக்கும் விளங்கும். ஸ்டோக்கில் பாடியவர்களுக்குக் குண்டு வரப்போகிற ஒன்று. ஜப்பானில் பாடுகிறவருக்கு அது 1945இல் இரண்டு நகரங்களில் விழுந்து முடிந்த ஒன்று. அதே சொற்களை இரண்டு பேரும் கத்தினாலும் பாரம் வேறு. மட்டக்களப்பில் வளர்ந்த எனக்கு, ஷெல் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்த எனக்கு, அது இன்னொரு விதமாகக் கேட்கிறது. அதை இங்கே நீட்டி எழுத விருப்பமில்லை.

எல்லாக் குழுவும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு 'டிஸ்', கறுப்பு வெள்ளை அட்டையில் மண்டையோடும் பிணமும், அதே நாலு வரி. கேட்டால் உள்ளே ஒன்றும் இருக்காது. உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு களரிக்கு வந்த ஆட்கள். நான் ட்ரம்ஸை வைத்துத்தான் தரம் பிரிப்பேன். மூன்றாவது பாட்டிலும் அந்த அடி தளராமல், ஆனால் மெசின் மாதிரி இல்லாமல், ஒரு மனிதன் மூச்சு வாங்கி அடிக்கிறான் என்று தெரிய வேண்டும். தெரிந்தால் வாங்கலாம்.

ஏன் தட்டு? சத்தம் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி வட்டத்தின் உள்பக்கம் போகப்போகக் கரகரப்புக் கூடும், அது எல்லாத் தட்டுக்கும் உள்ளது. ஆனால் இந்த இசை ஏழு அங்குலத்தின் அளவுக்கே பிறந்தது. நிமிடத்துக்கு 45 சுற்றில் ஒரு பக்கத்தில் ஐந்து ஆறு நிமிடம்தான் வசதியாகக் கொள்ளும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடப் பாட்டுக்கு அது தாராளம். செலவு குறைவு, தபாலில் போடலாம். கையில் காசில்லாத இளைஞர்கள் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குத் தட்டையும் கசெட்டையும் மாற்றி மாற்றி அனுப்பித்தான் ஸ்டோக்கின் அடி சிக்கோக்கு வரை போனது. அந்தத் தட்டில் ஒன்று என் மச்சானின் பெட்டியில் ஏறி வாவிக்கரை வரை வந்து, அதில் என் பெரியப்பா ஒரு கையை அடையாளம் கண்டார். போனில் இருந்திருந்தால் நான் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டு முடித்திருப்பேன்.

வாங்க நினைக்கிறவருக்கு வரிசையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டிஸ்சார்ஜின் 1980 முதல் 82 வரை, பிறகு மொப் 47, பிறகு டிஸ்க்ளோஸ். அந்த ஒழுங்கில் கேட்டால்தான் எது கைமாறியது, எது புதிதாகச் சேர்ந்தது என்று காது பிடிக்கும். எங்கள் ஊர் மாதிரிக் கடற்காற்று அடிக்கிற இடமானால், தட்டைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள்; வெயில் படுகிற சுவரோரம் வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். நான் அட்டையை அலுமாரியில் தனியாக வைத்து, தட்டை உள்ளுறையோடு வேறாக வைத்திருக்கிறேன். மஞ்சள் வளையத்தை அப்பா திரும்ப டின்னில் போடவில்லை. பிளேயரின் நடுவிலேயே விட்டுவிட்டார்.