களைக்கொல்லி இல்லாமல் பிசானப் பருவ நெல்லில் களையை எப்படிச் சமாளிப்பது?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் இயற்கை முறையில் நெல் போடப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பாதி வேலை நடவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கோடையில் உழுது போடுங்கள். கோரைக் கிழங்கு மேலே வந்து வெயிலில் காயும். அப்புறம் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் உரமும் ஆச்சு, அதன் நிழலில் களையும் அமுங்கும்.

கால்வாயில் தண்ணீர் வந்ததும் அவசரப்பட்டு நட வேண்டாம். ஒரு தொழி அடித்துவிட்டு, அதாவது சேறாக உழுதுவிட்டு, ஒரு வாரம் விடுங்கள். மேலே கிடக்கும் களை விதையெல்லாம் முளைக்கும்; அதைச் சேற்றோடு மறுபடி அடித்து அமுக்கிவிட்டு நடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. வயல் மட்டமாக இருப்பதும் முக்கியம், மேடு தட்டிய இடத்தில்தான் புல் முதலில் கிளம்பும்.

கயிறு பிடித்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவி இரண்டு பக்கமும் ஓடும். நட்ட 10 முதல் 15 நாளுக்குள் முதல் ஓட்டம், பிறகு 10 நாளுக்கு ஒருமுறை. வயலில் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். காய்ந்த மண்ணில் உருளை சுற்றாது.

குத்துக்குள் ஒளியும் குதிரைவாலிப் புல்லைக் கையால்தான் பிடுங்க வேண்டும். பார்க்க நெல் மாதிரியே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: நெல்லுக்கு அங்கே நாக்கு போல வெள்ளைச் சவ்வு உண்டு, இதற்குக் கிடையாது. கதிர் விடும் முன் எடுத்துவிடுங்கள். விதை கொட்டினால் அடுத்த வருஷமும் அதே பாடுதான்.