மது தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் அனலில் உட்கார்ந்திருப்பதால் 300 மில்லி குளிர்பானம் இரண்டு பாட்டில் குடித்துவிடுவேன். மதுவைத் தொட்டதே இல்லை. இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 78 என்றும், ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றும் வந்திருக்கிறது. கல்லீரல் நொதி கூடியதால்தான் கொழுப்பு சேர்ந்ததா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தங்கள் கேள்வியில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. எஸ்ஜிபிடி, கல்லீரல் உயிரணுவுக்குள் (செல்) இருந்து வேலை செய்ய வேண்டிய நொதி. அணு பழுதுபடும்போது இரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் ஆய்வகம் அளந்திருக்கிறது. சர்க்கரையைக் கொழுப்பாக்கும் நொதிகள் வேறு. அவற்றை இந்தப் பரிசோதனை காட்டாது.

குளிர்பானத்தின் சர்க்கரை சிறுகுடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனச் சரிபாதியாகப் பிரிகிறது. குளுக்கோஸை உடம்பின் எல்லா உறுப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும். கல்லீரலுக்கு வரும் பங்கையும், அணுவில் ஆற்றல் நிறைந்திருந்தால், பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி வழியிலேயே மட்டுப்படுத்திவிடும். ஃபிரக்டோஸுக்கு அந்தக் காவல் இல்லை. ஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி, அது வந்து சேர்ந்த வேகத்திலேயே அதில் பாஸ்பேட்டை ஒட்டி, அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் வேறொரு பாதையில் அனுப்பிவிடுகிறது. அணுவில் ஆற்றல் போதுமா, போதாதா என்று அது பார்ப்பதே இல்லை. இதற்கு அணுவின் ஆற்றல் சேமிப்பான ஏடிபி என்ற பொருள் மளமளவென்று செலவாகி, அதன் சிதைவில் யூரிக் அமிலம் உண்டாகிறது. தேவைக்கு மிஞ்சியது கொழுப்பு அமிலமாகி, ஒரு பங்கு டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக இரத்தத்துக்குப் போக, மறுபங்கு கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது.

2021இல் வெளியான சூரிச் ஆய்வொன்றில், ஆரோக்கியமான ஆண்கள் நாளுக்கு 80 கிராம் சர்க்கரையை இனிப்புப் பானமாக 7 வாரம் குடித்தார்கள். கல்லீரலில் கொழுப்பு உற்பத்தி, அவற்றைக் குடிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. குளுக்கோஸ் மட்டும் குடித்தவர்களிடம் அப்படி நேரவில்லை. தங்கள் இரண்டு பாட்டிலில் சுமார் 60 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அனலில் வேலை செய்பவருக்குத் தாகம் உண்மையானது; அதற்கு உப்பிட்ட நீர்மோரும் பானைத் தண்ணீரும் போதும். பழச்சாறு என்று அச்சிட்ட பாட்டிலும் நன்னாரி சர்பத்தும் மாற்றாகா. மாம்பழத்தை விடச் சொல்ல மாட்டேன். நாரோடு மென்று தின்னும் இரண்டு துண்டிலிருந்து ஃபிரக்டோஸ் மெதுவாகத்தான் கல்லீரலைச் சேரும்.

எஸ்ஜிபிடி உயர மஞ்சள் காமாலைக் கிருமிகளும் சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். ஆகவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பாட்டிலை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடியை மறுபடியும் பாருங்கள்.