மஞ்சள் ஏறும் 'ஸ்னோ' பல்லி

சாட்ஸ்வொர்த் நண்பருக்கு வணக்கம். 'ஸ்னோ' என்ற வெளிர் நிற வகை என்று வாங்கிய சிறுத்தைப் பல்லி (லெப்பர்ட் கெக்கோ) எட்டு மாதத்தில் மஞ்சளாகிறதே, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. ஸ்னோ வகைகளில் ஒன்றான மேக் ஸ்னோவின் குட்டி கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு பொரிந்து, வளர வளர மஞ்சள் ஏறுவது வழக்கம்தான். சாதாரணக் குட்டி முதல் நாளே கறுப்பு மஞ்சள். வாங்கிய அன்று எடுத்த படத்தைத் தேடுங்கள். இப்போதைய நிறத்தைவிட அதுவே நல்ல சாட்சி. கண் முழுக்கக் கறுத்து, வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் மட்டும் இருந்தால் அது சூப்பர் ஸ்னோ என்ற இன்னொரு வகை. உங்களுடையது சாம்பல் கண், அது அல்ல.

ஆல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத) ஜோடி தேடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்ற மூன்று ஆல்பினோ வகைகளும் தனித்தனி மரபணுக்கள். கலந்தால் குட்டிகள் சாதாரண நிறத்திலேயே பிறக்கும். எந்த வகை என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். எங்கள் ஆயா இன்னமும் பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர். என் பல்லி வாயே திறப்பதில்லை என்று அவருக்கு ஏக வருத்தம்!